பத்தாயிரம் வழி இருக்கு, எதுல போறது? பாக்டீரியாவுக்கு ரூட் போடும் கம்ப்யூட்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

நீங்க இப்ப போட்டிருக்கிற டிரெஸ்ல இழுத்தா இழுபடுற துணி எங்கயாவது இருக்கா? லெக்கிங்ஸ், ஸ்ட்ரெச் ஜீன்ஸ், சாக்ஸோட மேல் பட்டை, எதுவா இருந்தாலும் சரி. அந்த இழுவைக்குக் காரணம் ஸ்பான்டெக்ஸ்னு ஒரு நூல். திருப்பூர் பக்கம் லைக்ரான்னு சொல்வாங்க, அது உண்மையில ஒரு பிராண்ட் பேர். அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போனா ஒரு ரசாயனத்துல போய் நிக்கும். அதோட பேர் 1,4-பியூட்டேன்டையால், சுருக்கமா பி.டி.ஓ. நாலு கார்பன் வரிசையா நிக்குது, ரெண்டு முனையிலயும் ஒரு ஆல்கஹால் தொகுதி. அவ்வளவுதான் மூலக்கூறு. ஆனா உலகம் இதை ஆண்டுக்கு இருபது லட்சம் டன்னுக்கு மேல தயாரிக்குது. நூலுக்கு மட்டும் இல்ல, கார் பாகங்கள்ல வர்ற சில பிளாஸ்டிக்குக்கும் இதுதான் மூலப்பொருள்.

இதைச் செய்யும் பழைய வழி, 1930-களில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே உருவாக்கிய அசெட்டிலீன் வேதியியல். அசெட்டிலீனையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து, அப்புறம் ஹைட்ரஜன் ஏத்தணும். சீனாவில் இன்னைக்கும் இதுதான் பெரிய அளவுல ஓடுது, அந்த அசெட்டிலீன் வர்றது நிலக்கரியில இருந்து. சுருக்கமா சொன்னா, உங்க லெக்கிங்ஸோட வேர் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துல இருக்கலாம்.

இதையே சர்க்கரையில இருந்து ஒரு பாக்டீரியாவை வச்சுச் செய்ய முடியுமா? சிக்கல் என்னன்னா, பி.டி.ஓ.வை இயற்கையில எந்த உயிரும் தயாரிக்கிறதா தெரியல. காப்பி அடிக்க முன்மாதிரியே இல்ல. பாதையை நாமதான் போடணும்.

தப்பான பாதைக்கு என்ன விலை?

பாதைன்னா என்னன்னு முதல்ல தெளிவாக்கிடலாம். ஒரு செல்லுக்குள்ள சர்க்கரை போனா அது ஒரே தாவுல வேற பொருளா மாறாது. படிப்படியா மாறும். ஒவ்வொரு படிக்கும் ஒரு என்சைம், அதாவது நொதி, வேணும். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு ஜீன் வேணும். செல்லிடம் இல்லாத படிகளுக்கு வேற உயிர்களில் இருந்து ஜீனைக் கொண்டுவந்து சேர்க்கணும். அது வேலை செய்யுதான்னு பார்க்கணும், செய்யலைன்னா ஏன்னு தேடணும். இதெல்லாம் லேப்ல உட்கார்ந்து மனுஷங்க செய்ற வேலை.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினுக்குத் தேவையான மூலப்பொருளை ஈஸ்ட்டில் தயாரித்த திட்டம் இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். அதுக்கு 150 மனித-ஆண்டு உழைப்பு போச்சுன்னு அதை நடத்திய ஜே கீஸ்லிங்கே மதிப்பிட்டிருக்கார். அதுல பாதையே எதுன்னு ஓரளவு தெரியும், ஒரு செடி ஏற்கெனவே அதைச் செய்து காட்டியிருக்கு. முன்மாதிரியே இல்லாத பொருளுக்கு நீங்க தப்பான பாதையைத் தேர்ந்தெடுத்து, அது எந்தக் காலத்துலயும் லாபம் தராதுன்னு ஐந்தாவது வருஷத்துல கண்டுபிடிச்சா? காசு போறது ஒரு பக்கம். பல பேரோட பி.எச்டி. காலம் முழுக்க அதுல போயிருக்கும்.

அதனாலதான் லேபுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் வந்தது.

அமெரிக்காவில் சான் டியாகோவில் ஜெனோமேட்டிகான்னு ஒரு கம்பெனி. 2011-ல் அவங்க ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. செல்லுக்குள்ள சாதாரணமா இருக்கிற பொருட்களில் இருந்து ஆரம்பிச்சு, நாலு முதல் ஆறு படிகளில் பி.டி.ஓ.வுக்குப் போகிற எல்லா வழிகளையும் ஒரு மென்பொருள் பட்டியல் போட்டது. எத்தனை வழி கிடைச்சது தெரியுமா? 10,000-க்கும் மேல.

இது எப்படி முடியுதுன்னா, நொதிகள் செய்யும் வேலையை மென்பொருளுக்கு விதிகளாகச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆல்டிஹைடு இருந்தா ஆல்கஹாலாக்கலாம், அமிலத்துல இருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைப் பிடுங்கலாம், இப்படி. மென்பொருள் பி.டி.ஓ.வில் தொடங்கிப் பின்னோக்கி நடக்கும். இதுக்கு முந்தைய படி என்னவா இருந்திருக்கலாம், அதுக்கு முந்தையது என்ன? கூகுள் மேப்ஸ்ல எல்லா மாற்று ரூட்டையும் காட்டச் சொன்ன மாதிரிதான். என்ன ஒண்ணு, இங்க சில ரோடு இன்னும் போடவே இல்ல.

பத்தாயிரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? சலிக்கணும். இந்த எபிசோடோட மையமே அந்தச் சல்லடைகள்தான்.

எலக்ட்ரான் கணக்கு

முதல் சல்லடைக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு பேப்பர் போதும். ஒரு கிலோ சர்க்கரை போட்டா, உலகத்துலயே பெஸ்ட் பாக்டீரியாவா இருந்தாலும், அதிகபட்சம் எவ்வளவு பொருள் வரும்?

கார்பனை எண்ணித் தொடங்கலாம்னு தோணும். குளுக்கோஸ்ல 6 கார்பன், பி.டி.ஓ.வில் 4. அப்ப ஒண்ணரை மூலக்கூறு வரணுமே? வராது. ஏன்னா பி.டி.ஓ. கொஞ்சம் 'பணக்கார' மூலக்கூறு, ஒவ்வொரு கார்பனுக்கும் அதிக எலக்ட்ரான் வச்சிருக்கு. முழுசா எரிச்சா எத்தனை எலக்ட்ரான் வெளியே வரும்னு கணக்குப் பண்ணினா, குளுக்கோஸ் 24, பி.டி.ஓ. 22. வெளியே இருந்து எலக்ட்ரான் தர யாரும் இல்ல. அதனால 24-ஐ 22-ஆல் வகுத்தா 1.09. ஒரு குளுக்கோஸுக்கு 1.09 பி.டி.ஓ., அதுக்கு மேல இயற்பியல் விடாது. எடைக்கு மாத்தினா ஒரு கிலோ குளுக்கோஸுக்கு சுமார் 545 கிராம். மீதி கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணியாகவும் போயிடும்.

இந்த ஒரு எண் ஏன் முக்கியம்? பேச்சுக்கு, குளுக்கோஸ் கிலோ 40 ரூபாய்னு வைங்க. உச்சபட்ச ஈல்டு கிடைச்சாலே ஒரு கிலோ பி.டி.ஓ.வுக்கு 73 ரூபாய் சர்க்கரைக்கு மட்டும் போகுது. நிஜத்தில் உச்சத்துல 70% தான் எட்டினீங்கன்னா அது 105 ரூபாய் ஆகிடும். கரண்ட், தொட்டி, சம்பளம் எதுவும் இதுல சேரல. சந்தையில நிலக்கரி பி.டி.ஓ. அதைவிட மலிவா வந்தா, உங்க பாக்டீரியா எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்க ஆள் இல்ல. மொத்தமா டன் கணக்கில் விற்கிற ரசாயனத்தில் சர்க்கரைச் செலவுதான் பெரும்பாலும் விதியை எழுதும்.

1.09 என்பது குளுக்கோஸுக்கும் பி.டி.ஓ.வுக்கும் பொதுவான எல்லை. ஒரு குறிப்பிட்ட பாதை அந்த எல்லையைத் தொடுமாங்கிறது வேற கேள்வி. சில பாதைகள் நடுவுல கார்பனை வீணா விட்டுடும். சிலது எலக்ட்ரானை ஏத்தி இறக்கும் என்.ஏ.டி.எச். கணக்கைச் சரிக்கட்ட முடியாம நிக்கும். அங்கதான் முழு செல்லோட மாடல் தேவைப்படுது.

ஈ. கோலை பாக்டீரியாவுக்கு ஐஎம்எல்1515-ன்னு ஒரு மாடல் இருக்கு. 1,515 ஜீன், 2,719 வினைகள். செல்லோட மொத்த ரோடு மேப்னு வச்சுக்கோங்க. இதுல போடுற கணக்குக்கு ஃப்ளக்ஸ் பேலன்ஸ் அனாலிசிஸ்னு பேர். யோசனை ரொம்ப எளிமை. கத்திப்பாரா மேம்பாலத்துல ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வண்டி உள்ளே வருதோ அத்தனை வண்டி வெளியே போகணும், இல்லன்னா ஜாம். செல்லுக்குள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அதே விதி: உற்பத்தியும் செலவும் சமமா இருக்கணும். இந்த விதியை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்கு ஒரே நேரத்துல எழுதி, 'பி.டி.ஓ. வெளியே வர்ற அளவை அதிகமாக்கு'ன்னு கேட்டா, கம்ப்யூட்டர் நொடிக்குள்ள விடை சொல்லிடும். பன்னிரண்டாம் வகுப்பு, காலேஜ் ஆட்கள் சிலருக்கு நினைவிருக்கும், லீனியர் புரோகிராமிங். அதேதான்.

எனக்கு இந்த முறையில பிடிச்சது அதோட துணிச்சல். எந்த நொதி எவ்வளவு வேகம்னு எதுவுமே தெரியாம, வெறும் வரவு செலவை வச்சே இவ்வளவு தூரம் வந்திருக்கு. பிடிக்காததும் அதேதான். அந்தக் கணக்கு ஒரு பாதை *முடியுமான்னு* சொல்லும். *ஓடுமான்னு* சொல்லாது.

பதினொண்ணு முன்னே, ஒன்பது பின்னே

இப்ப வர்றது எனக்குப் பிடிச்ச சல்லடை, வெப்ப இயக்கவியல். பயப்படாதீங்க.

ஒரு வேதிவினை ஒரே திசையில மட்டும் ஓடாது. ஏ, பி-யாக மாறும்போதே கொஞ்சம் பி திரும்ப ஏ-யாகவும் மாறிக்கிட்டிருக்கும். எது ஜெயிக்கும்ங்கிறதை முடிவு பண்றது சரிவு. கிப்ஸ் ஆற்றல் எவ்வளவு இறங்குதோ அவ்வளவு சரிவு. ஒரு படியில மோலுக்கு 5.7 கிலோ ஜூல் சரிவு இருந்தா, பத்து முறை முன்னோக்கி நடந்தா ஒரு முறைதான் பின்னோக்கி நடக்கும். நல்லது. அதே சரிவு வெறும் அரை கிலோ ஜூல்தான்னா? பதினொண்ணு முன்னே, ஒன்பது பின்னே. நொதி இருபது முறை உழைச்சு நிகர லாபம் ரெண்டு.

செல் அதை எப்படிச் சமாளிக்கும்? அதே வேகம் வேணும்னா அந்த நொதியை ஏழெட்டு மடங்கு அதிகமா வச்சிருக்கணும். நொதிங்கிறது புரதம். அதைச் செய்யவும் சர்க்கரையும் ஆற்றலும் வேணும், செல்லுக்குள்ள இடமும் வேணும். அந்த ஒரு படிக்காக மொத்த பாக்டீரியாவும் மூச்சு வாங்கும்.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் மிலோவின் குழுவினர் 2014-ல் இதை ஒரே எண்ணா மாத்த வழி சொன்னாங்க. ஒரு பாதையில் உள்ள பொருட்களோட செறிவை, ஒரு செல்லுக்குள்ள நியாயமா இருக்கக்கூடிய எல்லைக்குள் மாத்தி மாத்திப் பார்க்கணும். எந்த அமைப்பில் *மிகப் பலவீனமான படிக்கு* அதிகபட்ச சரிவு கிடைக்குதோ, அதுதான் அந்தப் பாதையோட மதிப்பெண். வகுப்போட சராசரியைப் பார்க்கல, கடைசி பெஞ்ச் மாணவன் எவ்வளவு எடுக்கிறான்னுதான் பார்க்குது. பாதைகளுக்கு அதுதான் சரியான அளவுகோல். ஆறு படியில் அஞ்சு படி ராக்கெட் மாதிரி போய், ஒண்ணு இழுத்தா மொத்தமும் இழுக்கும்.

இது வெறும் தியரியான்னு கேட்டா, பியூட்டனால் கதையைக் கேளுங்க. பியூட்டனால் ஒரு கரைப்பான், எரிபொருளாகவும் பயன்படும். 2008-ல் ஜேம்ஸ் லியாவோவின் குழு ஈ. கோலையில் இதைத் தயாரிச்சப்ப லிட்டருக்கு அரை கிராம் அளவுதான் வந்தது. பாதையில் ஒரு படி சறுக்கிக்கிட்டே இருந்தது. 2011-ல் அந்தப் படிக்கு வேற நொதி போட்டாங்க, ஒருவழிப் பாதை மாதிரி வேலை செய்யும் நொதி, பின்னோக்கித் திரும்பவே திரும்பாது. கூடவே எலக்ட்ரான் வேற எங்கயும் ஓடாதபடி மத்த வழிகளை அடைச்சாங்க. செல்லுக்குள்ள என்.ஏ.டி.எச். தேங்கி, தானாவே பாதையைத் தள்ள ஆரம்பிச்சது. லிட்டருக்கு 15 கிராம். பியூட்டனாலை உடனுக்குடன் வெளியே எடுத்துக்கிட்டே இருந்தப்ப 30 கிராம்.

அதைவிட சுவாரசியம் அடுத்த வருஷம். அதே லியாவோ குழு சூரிய ஒளியில் வளரும் சயனோபாக்டீரியாவில் இதே பாதையை வச்சப்ப முதல் படியே ஏறல. அது மேடு. இவங்க ஒரு ஏ.டி.பி.யைச் செலவு பண்ணிச் சுத்திப்போற வழியைப் போட்டாங்க. ஏ.டி.பி.ன்னா செல்லோட கரன்சி. சிக்கனம் பார்க்கிற கணக்கு 'இது வீண் செலவு'ன்னுதான் சொல்லும், ஏன்னா ஈல்டு கொஞ்சம் குறையும். ஆனா அந்தச் செலவுதான் மேட்டைச் சரிவாக்கியது. அப்பதான் ஒளியில் பியூட்டனால் வந்தது. அளவு சின்னதுதான். ஆனா ஈல்டும் வேகமும் எப்பவும் ஒரே பக்கம் நிக்காதுன்னு இதைவிடத் தெளிவா காட்டுற உதாரணம் எனக்குத் தெரியல.

இன்னொரு சல்லடை ஆக்சிஜன், இதைப் பலர் மறந்துடுறாங்க. சின்ன குடுவையில காத்து ஒரு பிரச்சினையே இல்ல. ரெண்டு லட்சம் லிட்டர் ஃபெர்மென்டர்ல காத்தைக் கரைக்கிறது பெரிய கரண்ட் பில். ஃபார்னசீன்னு ஒரு எண்ணெய் மாதிரிப் பொருளை ஈஸ்ட்டில் தயாரிச்ச அமிரிஸ் கம்பெனி, 2016-ல் ஈஸ்ட்டோட மைய வளர்சிதை மாற்றத்தையே திருத்தி எழுதினாங்க. அதே சர்க்கரைக்கு 25% அதிகப் பொருள், ஆக்சிஜன் தேவை 75% குறைவு. அறிவியலா பார்த்தா அசத்தல். அதே கம்பெனி 2023 ஆகஸ்ட்டில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. பாதை நல்லா இருந்தா கம்பெனியும் நல்லா இருக்கும்னு எந்த மாடலும் உத்தரவாதம் கொடுக்கல.

மறுபடி பி.டி.ஓ.வுக்கு வருவோம்

ஜெனோமேட்டிகா அந்தப் பத்தாயிரத்தை என்ன பண்ணாங்க? ஈல்டு எவ்வளவு, எத்தனை படி, வெளியில இருந்து எத்தனை ஜீன் கொண்டுவரணும், நொதியே தெரியாத படி எத்தனை, சரிவு இருக்கா. இப்படி வரிசையா சலிச்சு, கடைசியில சக்சினைல்-கோஏ வழியா போற பாதையைப் பிடிச்சாங்க. இது செல்லுக்குள்ள கிரெப்ஸ் சுழற்சியில் எப்பவும் இருக்கிற பொருள். அங்க இருந்து 4-ஹைட்ராக்சிபியூட்டிரேட், அங்க இருந்து பி.டி.ஓ.

அதுக்கு வேண்டிய ஜீன்களில் மூணு எங்க இருந்து வந்தது தெரியுமா? போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். ஈறு நோயை உண்டாக்கும் பாக்டீரியா. முன்னாடி சொன்ன பியூட்டனால் ஒருவழி நொதியும் வாயில் வாழும் இன்னொரு பாக்டீரியாவோடதுதான். தொழிற்சாலைக்கு உதிரிபாகம் பல் டாக்டர் பக்கத்துல கிடைக்குது!

அடுத்த வேலை, பாக்டீரியாவைச் சம்மதிக்க வைக்கிறது. அதுக்கு நம்ம லெக்கிங்ஸ் மேல எந்த அக்கறையும் கிடையாது, வளரணும், பெருகணும், அவ்வளவுதான். இங்கதான் ஆப்ட்நாக்னு ஒரு கணக்குமுறை வருது. எந்தெந்த ஜீனை நீக்கினா, *பி.டி.ஓ. தயாரிச்சாதான் வளரவே முடியும்*ங்கிற நிலைமை வரும்னு அது தேடும். காத்து குறைவா இருக்கும்போது ஈ. கோலை மிச்ச எலக்ட்ரானை எத்தனாலாவோ லாக்டேட்டாவோ வெளியே தள்ளும். அந்தக் கதவுகளை ஒவ்வொண்ணா மூடினா, திறந்திருக்கிற ஒரே கதவு பி.டி.ஓ. கொஞ்சம் கொடூரமா தோணும், ஆனா புத்திசாலித்தனமான கொடூரம்.

முடிவு? 2011 கட்டுரையில் லிட்டருக்கு 18 கிராம். கணக்கு சரியா வந்தது, ஆனா கம்ப்யூட்டர் சொல்லாத ஒண்ணும் நடந்தது. 4-ஹைட்ராக்சிபியூட்டிரேட் வரை வேகமா வந்து, கடைசி படிகளில் தேங்கி நின்னது. ஆல்டிஹைடாக்கும் நொதிக்குத் தன் சொந்த வேலையைவிட வேற பொருள் மேல கண்ணு, எத்தனால் பக்கம் இழுத்தது. ஒரு நொதிக்கு எது மேல ஆசைன்னு வரவு செலவு மாடலுக்குத் தெரியாது. அதைச் சரிபண்ண மறுபடி லேப், மறுபடி வருஷங்கள்.

2012-ல் டென்னசியில் ஒரு ஆலையில் அஞ்சு வாரம் ஓட்டி 2,000 டன்னுக்கு மேல தயாரிச்சாங்க. 2016-ல் இத்தாலியில் நோவாமோன்ட் கம்பெனி, ஆண்டுக்கு 30,000 டன் ஆலையைத் திறந்தது. 2025-ல் அமெரிக்காவின் அயோவாவில் எடிவில் என்ற ஊரில், கார்கில் கூட்டாளியா இருக்கும் கோர் நிறுவனத்தின் ஆலை, சுமார் 65,000 டன் திறன். மக்காச்சோளச் சர்க்கரையில ஓடுது. லைக்ரா கம்பெனி இதை வாங்கி, நூலோட 70% அளவு தாவர மூலத்துல இருந்து வர்ற மாதிரி செய்யப் போறதா அறிவிச்சிருக்கு.

கணக்கைப் பாருங்க. இருபது லட்சம் டன் சந்தையில 65,000 டன். பி.டி.ஓ. 230 டிகிரிக்குப் பக்கத்துலதான் கொதிக்கும், அதாவது ஃபெர்மென்டர்ல இருக்கிற தண்ணியை முழுக்க ஆவியாக்கின பிறகுதான் பொருள் கையில வரும். அந்த வெப்பம் எதை எரிச்சு வருதுங்கிறதைப் பொறுத்துதான் இது எவ்வளவு 'பச்சை'ன்னு சொல்ல முடியும். செல்லுக்குள்ள 2,719 வினையைக் கணக்குப் பண்றவங்க பலர், செல்லுக்கு வெளியே இருக்கிற அந்த பாய்லரைக் கணக்குல சேர்க்கிறதில்ல. என் பார்வையில, பாதையைத் தேர்ந்தெடுக்கிற அதே மேஜையில பாய்லர் கணக்கும் இருக்கணும்.

நீங்களே செஞ்சு பார்க்கணும்னா

லேப் வேண்டாம், ஒரு லேப்டாப் போதும். கோப்ராபைன்னு ஒரு பைத்தான் தொகுப்பு இருக்கு, இலவசம். ஐஐடி மெட்ராஸில் கார்த்திக் ராமன் குழு, இந்த மாதிரி பாதைகளைத் தேடிப் பட்டியல் போட மெட்குவெஸ்ட்னு ஒரு கருவி வெளியிட்டிருக்காங்க. அவரோட என்.பி.டெல். வகுப்புகளும் ஆன்லைன்ல கிடைக்குது.

தொடங்கும்போது பெரிய மாடல் பக்கம் போகாதீங்க. ஈ. கோலைக்கு 'கோர்' மாடல்னு ஒண்ணு இருக்கு, 95 வினைதான். ஏத்தி, ரன் பண்ணுங்க. வளர்ச்சி வேகம் மணிக்கு 0.87-னு வரும். அப்புறம் ஆக்சிஜன் உள்ளே வர்ற வரம்பை பூஜ்யமாக்கி மறுபடி ரன் பண்ணுங்க. 0.21-க்கு விழும். இப்ப வெளியே என்னென்ன போகுதுன்னு பட்டியலைப் பாருங்க. எத்தனால், அசிட்டேட், ஃபார்மேட்னு மூணு புதுப் பேர் வந்திருக்கும். அதுல எத்தனால் கதவை மட்டும் மூடிட்டு இன்னொரு தடவை ரன் பண்ணுங்க. என்ன ஆச்சுன்னு எங்களுக்கு மெயில் போடுங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.